உப்பின் கணக்கு: நொய்யல் படுகையில் நிலத்தடி நீர் மாசும் சட்டமும்

1. சட்டம் சொன்ன ஓடை

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1974ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது, அதன் 2ஆம் பிரிவில் ‘ஓடை’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளைக் காட்டிலும் அகன்ற பொருள் தரப்பட்டது. ஆறு, ஓடிக்கொண்டிருக்கும் அல்லது அப்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழி, இயற்கையாகவோ செயற்கையாகவோ அமைந்த உள்நாட்டு நீர்நிலை, கடல் ஆகியவற்றோடு நிலத்தடி நீரும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்று அப்பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாசுபடுத்தும் பொருள் எதனையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஓடையிலும் கிணற்றிலும் சாக்கடையிலும் நிலத்தின் மீதும் அறிந்தே சேர விடுவதைத் தடை செய்கிறது. 25ஆம் பிரிவு, இவற்றில் கழிவுநீரை விடும் எவரும் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவைப் பெற்றாக வேண்டும் என்கிறது. ‘மறைமுகமாக’ என்ற ஒற்றைச் சொல்லையும் ‘நிலத்தடி நீர்’ என்ற சொற்றொடரையும் சேர்த்துப் படித்தால், மண்ணில் ஊற்றப்பட்டு, பாறை இடுக்குகளின் வழியே நகர்ந்து, அயலார் கிணற்றில் சென்று சேரும் கழிவு சட்டத்தின் பிடிக்கு வெளியே இல்லை என்பது தெளிவாகும்.

ஆயினும் இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயே, திருப்பூரில் தொடங்கிக் கரூர் வரையிலும் நொய்யல் ஆற்றின் இரு கரைகளிலும் கிணறுகள் உப்பாயின. சொல் நிலத்துக்கு அடியில் இறங்கிய பிறகும், அச்சொல்லை நடைமுறைப்படுத்தும் அளவுகோல் கழிவுநீர்க் குழாயின் வாயிலேயே நின்றுவிட்டது என்பதும், நீரை லிட்டரில் அளந்த சட்டம் உப்பைக் கிலோவில் கணக்கிடத் தவறியதே நொய்யல் வழக்குகளின் மையக் குறை என்பதும் இச்சொற்பொழிவு முன்வைக்கும் வாதமாகும்.

2. உப்பு ஏன், எங்கே செல்கிறது

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல், மழை மறைவுப் பகுதியில் பாயும் பருவகால ஆறு. அதன் கரையில் வளர்ந்த பனியன் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதன்று. நிட்டிங், பிளீச்சிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என ஒவ்வொரு கட்டமும் தனித்தனிப் பட்டறையில், பெரும்பாலும் ‘ஜாப் ஒர்க்’ என்னும் கூலி முறையில் நடைபெறுகிறது. இந்தப் பிரிவினைக்குச் சட்ட விளைவு ஒன்று உண்டு: எந்த நிறம் வேண்டும் என்று முடிவு செய்பவர் ஏற்றுமதியாளரும் அவருக்கு ஆர்டர் தரும் அயல்நாட்டு நிறுவனமும், வாரியத்தின் இசைவாணையோ கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சாயப்பட்டறையின் பெயரில் இருக்கிறது, வழக்கு வந்தால் பொறுப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது.

பருத்தித் துணிக்கு நிறமேற்றும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் சிக்கலின் வேர் புலப்படும். நீரில் நனைந்த பருத்தி இழையும், அதற்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் ஒரே வகையான எதிர்மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்காகவே தொட்டியில் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ கொட்டப்படுகிறது. அதன்பின் சோடா உப்பு சேர்த்துச் சாயத்தை இழையோடு பிணைக்கிறார்கள். 100 கிலோ துணிக்கு எட்டு மடங்கு நீர், அதாவது 800 லிட்டர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கொண்டால் ஒரு தொட்டிக்கு 48 கிலோ உப்பு வேண்டும். அடர் நிறங்களுக்கு இதனினும் கூடும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகிறது. உப்போ துணியில் தங்குவதே இல்லை. போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. துணியின் எடையில் பாதியளவு உப்பு, ஒவ்வொரு தொட்டிக்கும் எங்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதே இக்கணக்கின் பொருள்.

அது போய்ச் சேரும் வழியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சாயத்தின் நிறத்தில் ஒரு பகுதியை மண்ணும் நுண்ணுயிர்களும் பிடித்துவைக்கும். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்ந்து, நிலத்தை இறுகச் செய்யும். குளோரைடு மட்டும் எதனோடும் ஒட்டாமல் நீரின் வேகத்திலேயே நகரும். நிலத்தடி நீரின் போக்கைத் தேடும் ஆய்வாளர்கள் அதனையே தடங்காட்டியாகக் கொள்வது இதனால்தான். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் சாயம் பின்தங்கிவிட, கண்ணுக்குத் தெரியாத உப்பு முன்னே சென்றுவிடுகிறது. கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது என்பது அது கெடவில்லை என்பதற்குச் சான்றாகாது.

கொங்கு மண்டலத்தின் அடித்தளம் கடினப் பாறை. நீர் தங்குவது, மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும்தான். வெடிப்பு எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையில் நீர் செல்லும். ஆற்றிலிருந்து நூறு அடியில் இருக்கும் கிணறு தப்பலாம், அரை மைல் தள்ளியிருப்பது கெடலாம். நொய்யலில் தொன்றுதொட்டு இருந்துவரும் தடுப்பணைகளும் குளங்களும், ஆற்று நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கிக் கிணறுகளை வாழவைப்பதற்காக அமைந்தவை. ஆற்றில் சாயக்கழிவு ஓடத் தொடங்கியபின் அதே அமைப்பு அதே திறத்தோடு கழிவை நிலத்துக்குள் இறக்கியது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 10,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்ட அது, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவைத் தேக்கிச் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளுக்கு உப்பூட்டும் தொட்டியாயிற்று.

3. பிறநாட்டு நீதிமன்றங்கள் கண்ட வழக்குகள்

நிலத்தடியில் பயணம் செய்யும் மாசு எந்த நாட்டுச் சட்டத்துக்கும் எளிதாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1885இல் முடிவான பல்லார்டு எதிர் டாம்லின்சன் வழக்கில், தன் கிணற்றைக் கழிவுக்குழியாக்கிய ஒருவரால் அண்டையிலிருந்த மதுவடிப்பாளரின் கிணறு கெட்டது. நிலத்தடியில் ஊறிவரும் நீர் எவருக்கும் சொந்தமன்று, எடுப்பவருக்கே உரியது என்பது அன்றைய விதியாக இருந்தும், எடுக்கும் உரிமை வேறு, கெடுக்கும் உரிமை வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. நூறாண்டுக்குப் பின், 1993இல் கேம்பிரிட்ஜ் குடிநீர் நிறுவனத்தின் வழக்கில் பிரபுக்கள் சபை வேறொரு எல்லைக் கோட்டை வரைந்தது. தோல் பதனிடும் ஆலையொன்றில் சிறிது சிறிதாகச் சிந்திய கரைப்பான் ஒரு மைலுக்கும் அப்பால் இருந்த ஆழ்துளைக் கிணற்றைக் கெடுத்தது மெய்ப்பிக்கப்பட்ட போதிலும், சிந்திய காலத்தில் இத்தகைய தீங்கு நேரும் என்று முன்னுணர்ந்திருக்க முடியாது என்ற காரணத்தால் ஆலை பொறுப்பிலிருந்து விடுபட்டது.

அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம், குழாய் போன்ற குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து ஆறு, கடல் முதலியவற்றில் கலப்பதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. நிலத்தடி நீரை அது தெளிவாகச் சேர்க்கவில்லை. ஹவாயின் மௌவி தீவில் சுத்திகரிப்பு நிலையமொன்று கழிவுநீரை ஆழக் கிணறுகளில் செலுத்த, அது ஏறத்தாழ அரை மைல் நகர்ந்து கடலில் கலந்தது. ஆய்வாளர்கள் கிணற்றில் தடங்காட்டும் சாயத்தை ஊற்றி, 84 நாளில் அது கடலோரத்தில் எழுந்ததைக் கண்டார்கள். 2020 ஏப்ரல் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நேரடியாகக் கலப்பதற்கு நடைமுறையில் ஈடானதா என்பதே சோதனை என்றும், கடந்த தொலைவும் எடுத்துக்கொண்ட காலமும் அதில் முதன்மையானவை என்றும் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

இந்த அளவுகோலைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தால் அதன் போதாமை விளங்கும். மாசு மெதுவாக நகர்ந்தால் அது நேரடிக் கலப்புக்கு ஈடாகாது என்ற முடிவுக்கு அந்தச் சோதனை இடந்தருகிறது. உழவரின் நோக்கிலோ மெதுவாக வரும் மாசுதான் மெதுவாகவே போகும். இந்தியச் சட்டம் நிலத்தடி நீரையே ‘ஓடை’ என்று கூறிவிட்டதால் இச்சிக்கலுக்கு இங்கே இடமில்லை. மண்ணுக்குள் இறங்கிய கணத்திலேயே சட்ட மீறல் நிறைவடைந்துவிடுகிறது. அது பிறகு எந்த ஆற்றை எட்டியது என்று காட்டவேண்டிய தேவை எழுவதில்லை.

4. இந்தியச் சட்டத்தின் கருவிகள்

இந்த உரிமைக்கு 1974ஐக் காட்டிலும் பழைய வேர் உண்டு. சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஒருவரின் நிலத்தின் வழியே ஊறிச் செல்லும் நீர், அங்ஙனம் செல்வதற்கு முன் பிறரால் நியாயமற்ற முறையில் மாசுபடுத்தப்படாமல் இருப்பது அவருடைய உரிமை என்கிறது. ஆனால் அது தனியொருவர் தனியொருவர் மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பதற்கான உரிமை. நூற்றுக்கணக்கான பட்டறைகளின் கழிவு ஓராற்றில் கலந்து, ஆயிரக்கணக்கான கிணறுகளில் இறங்கும்போது, எந்தப் பட்டறையின் உப்பு எந்தக் கிணற்றில் என்று மெய்ப்பிப்பது எவராலும் இயலாது.

இந்த முட்டுச்சுவரை உடைத்தவை 1996ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகள். இராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகேயுள்ள பிச்ரி கிராமத்தில் எச்-அமிலம் தயாரித்த ஆலைகளின் கசடு மழையில் ஊறி மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. எச்-அமிலம் சாயத் தயாரிப்புக்கான இடைநிலைப் பொருள் என்பதால், அதுவும் துணியின் நிறத்துக்காக நிலத்தடி நீர் தந்த விலையே ஆகும். அவ்வழக்கில் பிப்ரவரி 13 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தீங்கு தரும் தொழிலை நடத்துபவர் தாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாவார் என்றும், கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்படுத்தும் செலவும் அவரையே சாரும் என்றும் கூறியது. கேம்பிரிட்ஜ் வழக்கில் ஆலையைக் காத்த ‘முன்னுணர முடியாமை’ என்னும் கவசம் இங்கே செல்லாது. அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் தொடர்பாக அதே நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்னும் கோட்பாட்டையும் நாட்டின் சட்டமாக அறிவித்தது. தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துபவர் மேல் ஏற்றியது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. அங்ஙனம் அமைந்த சூழலியல் இழப்பு (தடுப்பு மற்றும் இழப்பீடு வழங்கல்) ஆணையமே பின்னர் நொய்யல் படுகையையும் ஆய்ந்து, 2004 டிசம்பரில், 68 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 28,600 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று முடிவு செய்தது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவு. கெட்டுப்போன கிணற்றுக்கு மாற்றாகப் புதிய கிணறு வெட்டுவதற்கு அத்தொகை காணாது.

5. நொய்யல் வழக்கு

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சூழல் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். சாயப்பட்டறைகள் 2007 ஜூலை 31க்குள் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையை, அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை உயரும் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டை 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் தருவதாகக் கூறி எந்தத் தொழிலும் மாசுபடுத்தும் உரிமையைப் பெற்றுவிட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன்பின்னும் கழிவு நிற்காததால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, முழுமையான சுத்திகரிப்பு நிலையை எட்டும்வரை எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் வழங்க, ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் கொண்ட நிலையங்கள் எழுந்தபின்னர் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

உயர் நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சிறப்பு, எவருடைய உப்பு எவருடைய கிணற்றில் என்ற கேள்வியை அது ஒதுக்கிவைத்ததில் உள்ளது. வெளியேற்றும் லிட்டரின் அளவுக்கேற்ப எல்லாப் பட்டறைகளும் பங்கு செலுத்த வேண்டும் என்றதால், மெய்ப்பிக்க இயலாத தனித்தொடர்பு தேவையற்றதாயிற்று. அதன் குறையும் அதே அளவுகோலிலேயே இருக்கிறது. வெளிர் மஞ்சளுக்கும் கருநீலத்துக்கும் செலவாகும் உப்பு ஒன்றன்று. லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள கழிவும் 9 கிராம் உப்புள்ள கழிவும் ஒரே காசைச் செலுத்தும்போது, அபராதம் தீங்கின் அளவைப் பின்தொடர்வதில்லை.

வாரியத்தின் தர அளவிலும் இதே பிழை உண்டு. கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, நடைமுறையில் ‘டி.டி.எஸ்.’ எனப்படுவது, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக 500ஐயும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லையாக 2,000ஐயும் வகுத்துள்ளது. கழிவு ஆற்றில் விழுந்தவுடன் நல்ல நீர் அதனை நீர்க்கச் செய்யும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது 2,100 என்ற எண். ஆண்டின் பெரும்பகுதி கழிவைத் தவிர வேறு நீர் ஓடாத நொய்யலில் அந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. தொடக்ககாலப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் நீக்கினவேயன்றிக் கரைந்த உப்பைத் தொடவே இல்லை. ஆற்றங்கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் மாசுபடுத்தும் தொழில்கள் கூடாது என்று 1989, 1998ஆம் ஆண்டுகளில் பிறந்த அரசாணைகளும் தொலைவை ஆற்றிலிருந்துதான் அளந்தன. பாறை வெடிப்பிலிருந்தும் கிணற்றிலிருந்தும் அளக்கவில்லை.

6. குழாய் அடைபட்ட பின்

ஜீரோ டிஸ்சார்ஜ் என்ற ஏற்பாடு நீரை மீட்கிறது, உப்பை அழிப்பதில்லை. ஆர்.ஓ. சவ்வு நல்ல நீரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் அடர் உப்புநீரில் ஒரு பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்குத் திரும்புகிறது. மற்றொரு பகுதி ஆவியாக்கப்பட்டுக் கலவை உப்பாக, மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. அந்தக் கிடங்கின் தளமும் கூரையும் பழுதின்றி இருக்கும்வரைதான் அந்த உப்பு நிலத்துக்கு வெளியே இருக்கும். ஆவியாக்குவதற்கு ஆகும் எரிசக்திச் செலவு மிகுதி என்பதால், மழை நாளில் ஓடையிலோ கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றிலோ கழிவைத் திறந்துவிடும் ஆசைக்குக் காரணமும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. மறுபுறம், முன்னரே இறங்கிய உப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் கடினப் பாறைப் பகுதியில், பருவத்துக்குப் பருவம் சிறிது கரைந்து, பயிருக்கு இறைக்கப்பட்டு, மீண்டும் மண்ணில் இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்நிலையில் சட்டம் நிரப்ப வேண்டிய இடைவெளிகள் மூன்று. முதலாவது காலம். 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்குமான மனு, அதற்கான காரணம் முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வர வேண்டும் என்கிறது. ஆலை வெடித்தால் அந்த நாள் எது என்று அனைவருக்கும் தெரியும். கிணறு உப்பாவதற்கு அத்தகைய நாள் கிடையாது. முதலில் குடிக்க ஆகாமற்போய், பின் மாடு முகம் திருப்பி, அதன்பின் பயிர் கருகும் நீரில், ‘முதன்முதலாக’ என்ற சொல் உழவருக்கு எதிராகவே திரும்பும். தீங்கை அறிந்த நாளிலிருந்தோ தீங்கு நீடிக்கும்வரையோ காலம் கணக்கிடப்படுவதே நிலத்தடி நீருக்குப் பொருந்தும்.

இரண்டாவது, சீரமைப்பு. 2025இல் உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளில் இத்திசையில் நகர்ந்துள்ளது: பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில் ஜனவரி 30 அன்று, பாதிப்பு நீங்கும்வரை பொறுப்பு நீடிக்கும் என்ற அடிப்படையில் இழப்பீட்டையும் படுகையின் மீட்பையும் கண்காணிக்கக் குழு அமைக்க ஆணையிட்டது; ஆகஸ்ட் 4 அன்று, தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு தொடர்பான வழக்கில், மீட்புக்கான தொகையை வசூலிக்கும் அதிகாரம் நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் வாரியங்களுக்கே உண்டு என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நிலத்தடி நீர் நெறிமுறை இன்னும் ஒருபடி முன்னே நிற்கிறது. எல்லையைக் கடக்கும்வரை காத்திராமல், தர எல்லையின் 75 விழுக்காட்டை எட்டும்போதே தொடர்ந்து உயரும் மாசைத் திருப்பும் பணியைத் தொடங்கும்படி அது உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது.

மூன்றாவதும் அடிப்படையானதும் அளவீடு. திருப்பூர்ப் பகுதிக்குள் வரும் ஒவ்வொரு உப்பு மூட்டைக்கும் பில் இருக்கிறது. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலும் மீட்கப்பட்ட உப்புநீரின் அளவும் கிடங்கில் சேர்ந்த கலவை உப்பின் எடையும் பதிவாகின்றன. வாங்கியதிலிருந்து மீட்டதையும் கிடங்கில் இருப்பதையும் கழித்தால் எஞ்சும் உப்பு, காற்றில் போவதற்கு வழியில்லாத ஒரு பொருளாதலால், மண்ணிலோ நீரிலோதான் இருக்க முடியும். இந்தக் கழித்தல் கணக்கை இசைவாணையின் நிபந்தனையாக்கி, பட்டறைதோறும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்து, அதன் அருகே அப்பகுதிக் கிணறுகளின் குளோரைடு அளவையும் வைத்தால், தீங்கில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் தொழில் நடத்துபவரே என்ற வேலூர்த் தீர்ப்பின் விதி முதன்முறையாக எண்களைப் பெறும். உப்பின் அளவை நிறமே தீர்மானிப்பதால், அக்கணக்கில் நிறத்தை ஆர்டர் செய்தவரின் பெயரும் இடம்பெறுவதே முறை. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் நிபந்தனை விதிக்கும் அதிகாரமே போதும்.

7. நிறைவாக

நொய்யல் உழவர்கள் ஆயக்கட்டுதாரர்கள் என்ற பெயரிலேயே நீதிமன்றம் சென்றார்கள். ஆயக்கட்டு என்பது அணையோ வாய்க்காலோ நீர் தரும் நிலப்பரப்பு; அதற்கு எல்லை உண்டு, பதிவேடு உண்டு, உரிமை உண்டு. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் கிணற்றை மட்டும் நம்பியிருந்தவருக்கு அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. அவருடைய நிலத்துக்கு அடியில் ஓடியதை ‘ஓடை’ என்று ஏற்றுக்கொண்ட சட்டம், அந்த ஓடைக்கு ஆயக்கட்டு ஒன்றை இன்றுவரை எழுதவில்லை. உப்பின் கணக்கு வெளியிடப்படும் நாளில், எந்தெந்தக் கிணறுகள் அதன் பயணப் பாதையில் உள்ளன என்ற பட்டியலும் அதனோடு உருவாகும். அந்தப் பட்டியலே நிலத்தடி ஓடையின் ஆயக்கட்டுப் பதிவேடாக அமையும்.